சூடு கண்ட பூனையும் கீழ்ப்படிகிற பிள்ளையும்

பிணைப்பட்டவன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு ஓர் அதிகாரம் என்று நீதிமொழிகள் வாசிக்கிற ஆள் நான். மொத்தம் 31 அதிகாரம், அன்றைய தேதியைத் திறந்தால் போதும், அடையாளத் துண்டுகூட வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு 22-ம் தேதி. கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்று 26-ம் வசனம். செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துக்கொள்வான் என்று 27. அன்று சாயங்காலம் ஒரு நண்பனின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வாசித்தபோது அடிவயிற்றில் என்னவோ செய்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே என்கிற 28-ம் வசனத்தைப் பத்து நிமிஷம் தியானித்தேன். எனக்கு ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது.

மனைவியும் சொன்னாள், "வேண்டாங்க, எனக்கு மனசு ஒப்பலை." அதற்கு நான், "விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாதே" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் காது சூடாகிறது. விஷயம் விசுவாசமே இல்லை. நண்பனும் நானும் சேர்ந்துதான் வாலிபர் கூட்டம் நடத்தினோம். அத்தனை பேர் முன்னால், "உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா" என்றான். அந்தப் பேச்சு இனித்தது. பெரிய மனுஷன் ஆகிவிட்டதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

எட்டாவது மாதம் தவணை நின்றது. அவன் போனும் நின்றது. ஜாமீன் கையெழுத்து என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, வாங்கினவன் கட்டாவிட்டால் மொத்தமும் என் தலையில்தான் என்பது கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. வண்டி போனது, மகளுக்கென்று வைத்திருந்தது போனது, அப்புறம் சின்ன வீட்டுக்கு மாறினோம். புது வீட்டு அறைக்குள் கட்டில் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். கடைசியில் வாசலிலேயே விலை பேசி விற்றோம். 22:27 எழுத்துக்கு எழுத்து. மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் கேள்வி. அதற்குப் பிறகு நான் ரொம்ப ஒழுங்கு. வசனம் சொன்னால் சொன்னபடி. சபையில் சாட்சி சொன்னேன், பாடுகள் வழியாகக் கர்த்தர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொடுத்தார் என்று. பலர் கண்கலங்கினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அதில் பாதி பொய். நான் கற்றுக்கொண்டது கீழ்ப்படிதல் இல்லை, பயம். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்களே, அந்தப் பூனை நான். எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் கை வியர்க்கிறது. போன மாதம் சபைப் பையன் ஒருவன் வேலைக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டான். அதில் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நீதிமொழிகளைக் காட்டி மறுத்துவிட்டேன். பையன் முகம் செத்துப்போனது.

பூனைக்குப் பெயர் கீழ்ப்படிதலா? இது முதல் கேள்வி. நடந்ததெல்லாம் கர்த்தருடைய சிட்சையா, அதாவது என்னைத் திருத்த அவர் கொடுத்த தண்டனையா, இல்லை என் முட்டாள்தனத்தின் பலன்தானா, இது இரண்டாவது.

இன்னொன்றும் உண்டு. பத்து நாளைக்கு முன்னால் அந்த நண்பனிடமிருந்து செய்தி வந்தது. "ஒரு தடவை பாக்கணும். பணம் கேக்க இல்ல." நான் பதில் போடவில்லை. மனைவி போய்ப் பாருங்கள் என்கிறாள். ஜெபத்தில் உட்கார்ந்தால் மத்தேயு 5:23, 24 வந்து நிற்கிறது, காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று. ஆனால் அந்த வசனத்தைக் கவனமாகப் பார்த்தால், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை" இருந்தால்தான் போக வேண்டும். இங்கே குறை அவன்பேரில் எனக்கு. அப்படியென்றால் இது எனக்குப் பொருந்தாதே?

---

அதிகாலை ஜெபம்:

பிரதர், சங்கீதம் 119:71. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது, அதினால் உமது பிரமாணங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன்." கர்த்தர் உங்களை நேசிக்கிறபடியால்தான் அடித்தார். இழந்ததை இரட்டிப்பாய்த் தருவார். ஜெபிக்கிறோம்.

---

கேள்விக்குறி:

மேலே எழுதியிருக்கிற சகோதரர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், தெரியும். ஆனாலும் "அடித்தார்" என்பதை இவ்வளவு சுலபமாக எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே நடக்க முடியாது. அவள் பிறந்த வருஷம் எங்களைப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர், ஏதாவது பொருத்தனையை நிறைவேற்றாமல் விட்டீர்களா, எந்த விஷயத்தில் கீழ்ப்படியாமல் போனீர்கள் என்று கேட்டார்கள் தெரியுமா? நானும் என் கணவரும் ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறோம். நிஜமாகவே நோட்டில் எழுதி. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்ன பதில் யோவான் 9:3-ல் இருக்கிறது. இரண்டும் இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13-ல் அவரே திருப்பிக் கேட்கிறார். அந்த நோட்டை ஒருநாள் கிழித்துப் போட்டோம்.

அதனால், பிணைப்பட்டவன் அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். உங்கள் கதையில் மர்மமே இல்லை. கையெழுத்துப் போட்டீர்கள், கடன் வந்தது. வானத்திலிருந்து யாரும் தடியை இறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீழ்ச்சிக்குள் வந்து கர்த்தர் உங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தார் என்றால் அதை நம்புகிறேன். ஆனால் தயவுசெய்து சாட்சி சொல்லும்போது "கர்த்தர் என் கட்டிலை எடுத்தார்" என்று சொல்லாதீர்கள். கேட்கிற கூட்டத்தில் எங்களைப் போல யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

---

பிணைப்பட்டவன்:

சகோதரி, மன்னிக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்தான் சொன்னேன். கட்டில் உட்பட.

---

மூன்றாம் வரிசை:

தம்பி, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். போனில் டைப் பண்ணுகிறேன், எழுத்துப்பிழை இருக்கும்.

பூனைக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு சங்கீதம் 32 பாருங்கள். எட்டாவது வசனத்தில் கர்த்தர், உன்மேல் என் கண்ணை வைத்து உனக்கு ஆலோசனை சொல்லுவேன் என்கிறார். ஒன்பதாவதில், வாரும் கடிவாளமும் போட்டால்தான் கிட்டே வருகிற குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்கவேண்டாம் என்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வசனம். பிள்ளைக்குக் கண்ஜாடை போதும், கழுதைக்கு வாயில் இரும்பு வேண்டும். நீங்கள் 22-ம் தேதி காலையில் கண்ஜாடையைப் பார்த்தீர்கள். அடிவயிற்றில் செய்தது என்றீர்களே, அதுதான். பார்த்துவிட்டு எல்லைக்குறிக்குப் போனீர்கள். (அதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அப்படிப்பட்ட 28-ம் வசனங்கள் உண்டு.)

கடிவாளத்தால் வந்த கழுதையும் வந்தது வந்ததுதான். அதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். பயந்தாவது நின்றீர்களே. ஆனால் அதோடு பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு 29 வயது. நைட் டியூட்டி. ஒரு நோயாளிக்குப் பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை மறந்துபோய், பன்னிரண்டரைக்குத்தான் கொடுத்தேன். சார்ட்டில் பத்து என்று எழுதிவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகக் குணமாகி வீட்டுக்குப் போனார். யாருக்கும் தெரியாது. ஆனால் ஜெபிக்கப் போனால் அந்த "10" மட்டும்தான் கண்ணில் நிற்கும். மூன்று வாரம் இழுத்தேன். ஆண்டவரே, யாருக்கும் நஷ்டம் இல்லையே என்று வாதாடினேன். பிறகு போய் மேட்ரனிடம் சொன்னேன். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், உண்மை சொன்னதற்கு மெச்சுவார்கள் என்று. மெமோ கொடுத்தார்கள். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு எனக்குக் கீழே இருந்த பெண்ணுக்குப் போனது. சிறையிலிருந்து எகிப்துக்கே அதிபதியான யோசேப்பு கதை மாதிரி பின்னால் பெரிதாக ஏதோ வரும் என்று பல வருஷம் காத்திருந்தேன் தம்பி. வரவில்லை. நான் ஓய்வுபெறும்வரை அந்தப் பெண் எனக்கு மேலேதான் இருந்தாள். நல்ல பெண்தான், அது வேறு விஷயம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழ்ப்படியாமல் போனால் வலிக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். கீழ்ப்படிந்தாலும் வலிக்கும். அது உங்களுக்கு இன்னும் தெரியாது. பூனைக்கு முதல் பாடம் மட்டும்தான் வரும். எங்கே வலிக்காதோ அங்கே போய் அது உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பையனுக்குக் கடிதம் தர மறுத்தீர்களே, அது அப்படி உட்கார்ந்த இடம். வசனத்தைப் பாய் மாதிரி விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நண்பரைப் பார்ப்பது பற்றி: மத்தேயு 5 பொருந்தாது என்கிறீர்கள், சரி. அப்படியானால் 18:15 வாசியுங்கள். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. முதல் வார்த்தையே "நீ போய்". அவனுக்கு உன்மேல் குறை என்றாலும் நீ போ, உனக்கு அவன்மேல் குறை என்றாலும் நீ போ. யார் தப்பு என்று எப்படிப் புரட்டினாலும் நடக்க வேண்டிய கால் உங்களுடையதாகத்தான் இருக்கிறது.

---

பிணைப்பட்டவன்:

அக்கா, 18:15 எனக்குத் தெரியும். அதனால்தான் நான் அதை எடுக்கவில்லை என்று இப்போது புரிகிறது.

ஆனால் ஒரு விஷயம். எபிரெயர் 5:8-ஐ வைத்துத்தான் என் சாட்சியையே சொன்னேன். "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்று இருக்கிறது. அடிபட்டுத்தானே இயேசுவே கற்றுக்கொண்டார்?

---

அகராதிப் புழு:

இந்த வசனம் வந்ததால் உள்ளே நுழைகிறேன். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன். படித்ததைக் காட்டிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன் என்று என் வீட்டிலேயே பெயர்.

அந்த வசனத்தில் மூலத்தில் ஒரு சொல்விளையாட்டு இருக்கிறது. கற்றார் என்பதற்கு "எமாத்தென்", பட்டார் என்பதற்கு "எபாத்தென்". ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பட்டுத்தான் கற்க வேண்டும் என்பது கிரேக்கர்களிடம் பழமொழிபோல வழங்கின பேச்சு. நமக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம், பட்டறிவு என்று ஒற்றைச் சொல்லே வைத்திருக்கிறோம். அதேபோல, கீழ்ப்படிவதற்கு எபிரெயத்தில் தனிச்சொல் தேடினால் "ஷாமா"தான் வரும், அதற்குக் கேட்பது என்றுதான் அர்த்தம். நாமும் பிள்ளையைப் பார்த்து "சொன்னால் கேட்க மாட்டாயா" என்றுதானே அதட்டுகிறோம்? காது கேட்காதவன் என்றா அதற்கு அர்த்தம்? கீழ்ப்படியாமல் போன சவுல் ராஜாவிடம் சாமுவேல் தீர்க்கதரிசி 1 சாமுவேல் 15:22-ல் சொன்னதும் இதுதான். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைவிடச் செவிகொடுத்தல் உத்தமம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் வைக்கிறார்.

சரி, உங்கள் கேள்வி. இயேசு தப்புச் செய்து அடிபட்டுத் திருந்தினார் என்று அந்த வசனம் சொல்ல முடியாது. ஒரு அதிகாரத்துக்கு முன்னால், 4:15-ல், அவர் பாவமில்லாதவர் என்று அதே நிருபம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் அவர் எதைக் கற்றார்? கீழ்ப்படிவது என்ன விலை கேட்கும் என்பதை, உள்ளே நின்று, அனுபவித்து. 5:7-ல் பலத்த சத்தமும் கண்ணீரும் வருகிறது. அவர் ஏற்கெனவே ஆம் என்று சொன்னவர், அந்த ஆமுக்காகத்தான் பட்டார். நீங்கள் பட்டதோ, மாட்டேன் என்று சொன்னதற்காக. இரண்டையும் ஒரே வசனத்துக்குள் போட்டுச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். மூன்றாம் வரிசை அம்மா கிரேக்கம் இல்லாமலேயே இதைச் சொல்லி முடித்துவிட்டார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னொன்று. பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 6, 11, 17, 22 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. புத்தியுள்ள ஆலோசனை, மறுக்கவில்லை. ஆனால் எபிரெயர் 7:22-ல் இயேசுவுக்கே பிணையாளி என்றுதான் பெயர். பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதத்தையும் பாருங்கள், 25 வசனம்தான், ஐந்து நிமிஷ வேலை. உம்முடைய அடிமையான ஒநேசிமு உமக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று 18, 19-ல் சொந்தக் கையால் எழுதிக்கொடுக்கிறார். ஆகவே கையெழுத்தே பாவம் என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்பட்டது "போடாதே". அவ்வளவுதான். இன்றைக்கு என்ன சொல்லப்படுகிறது என்பது வேறு கேள்வி, அதை அந்தப் பழைய தாளில் தேடக் கூடாது.

---

கேள்விக்குறி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். போய்ப் பார்ப்பது வேறு, மறுபடி நம்பிப் பணம் கொடுப்பது வேறு. போங்கள். ஆனால் மனைவியிடம் கேட்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். அந்த வீட்டில் கண்ஜாடையைச் சரியாகப் பார்க்கிற ஆள் அவங்கதான் போலிருக்கிறது.

---

பிணைப்பட்டவன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். யாராவது இன்னும் இதைப் பார்க்கிறீர்களா தெரியவில்லை.

முதலில் அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன். கை வியர்த்தது, எழுதினேன். அவனுக்கு வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியாது.

நண்பனைப் போன சனிக்கிழமை பார்த்தேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், "கர்த்தர் என்னை மன்னித்ததுபோல நானும் உன்னை மன்னிக்கிறேன்" என்று. அவனைப் பார்த்ததும் அது வாயில் வரவே இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். நான் சொன்னது, "எங்கடா போயிருந்த?" அதுவும் கொஞ்சம் சத்தமாக. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அழவில்லை. கட்டில் கதையைச் சொன்னேன். அவன் அழுதான்.

கிளம்புகிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். உண்மையைச் சொல்கிறேன், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பேனா கேட்பான் என்று நினைத்தேன். பூனைதான், வேறென்ன?

பிரித்துப் பார்த்தால், நான் இதுவரை கட்டின தொகை, கட்ட வேண்டிய மீதி, மாதாமாதம் அவனால் எவ்வளவு தர முடியும் என்று எல்லாம் அவன் கைப்பட எழுதியிருந்தது. மீதிக் கணக்கு மட்டும் கொஞ்சம் தப்பு. நான் சொன்னேன், அவன் திருத்தினான். கீழே அவன் கையெழுத்து இருந்தது. எனக்கென்று கோடு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தாள். "அவர் தந்தா வாங்கிக்கலாம், தராட்டாலும் நாம போய் நிக்க வேண்டாம்" என்றாள். சரி என்றேன். மன்னித்துவிட்டாயா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை மன்னித்திருந்தேன். திங்கட்கிழமை தவணைக்கான குறுஞ்செய்தி வந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இன்னும் பதினொரு தவணை பாக்கி. அவன் தாளில் என்ன எழுதியிருந்தாலும் ஐந்தாம் தேதி அதை நான்தான் கட்டியாக வேண்டும்.